வேலியிலிருந்து இறங்கிய பூ

"பாக்காத சாமி, கண்ணு வலிக்கும்" என்று எங்கள் அப்பத்தா என் முகத்தைத் திருப்பிவிடுவார். கண்வலிப்பூ என்ற பெயரே அந்தப் பயத்தில் வந்ததுதான். தாராபுரத்துக்குக் கிழக்கே மூலனூர்ப் பக்கம் எங்கள் கொறங்காடு. மாடு மேய்க்க விட்ட புல்வெளி, சுற்றிலும் கிளுவை வேலி. தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்கு வந்து சேர்வது காற்றுதான். மழை மலைக்கு அந்தப்புறமே தீர்ந்துவிடும். ஆடியில் நாலு தூறல் விழுந்தால் போதும், வேலியடியில் கொடி மூக்கு நீட்டும். இலை நுனியே சுருண்டு கிளுவை முள்ளைப் பிடித்துக்கொள்ளும். பச்சையாக விரியும் பூ, மஞ்சளாகி, ஐப்பசி கார்த்திகையில் வேலி முழுக்கச் சிவப்பாக எரியும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது இந்தச் செங்காந்தள்தான். ஈழத்தில் இதுவே கார்த்திகைப்பூ. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர். வேலியில் அதற்கு அந்த மரியாதை இல்லை. கிழங்கிலும் விதையிலும் விஷம். வள்ளிக்கிழங்கென்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு.

அந்த விஷத்துக்குத்தான் விலை வந்தது. கோல்சிசின் என்ற அந்தப் பொருளை 1820-ல் பிரான்சில் வேறொரு செடியிலிருந்து பிரித்தார்கள். மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு அது மருந்து. செடிகளின் குரோமோசோம்களை அது இரட்டிப்பாக்கும் என்று 1937-ல் தெரிந்தபின் பயிர் ஆராய்ச்சிக்கும் தேவைப்பட்டது. நம் வேலிக்கொடியின் விதையிலும் அதே பொருள் இருந்தது. விதை கேட்டு ஆள் வர வர, கிழங்கு வேலியை விட்டுக் காட்டுக்குள் இறங்கியது. கொடி ஏறக் காய்ந்த கிளுவையையும் விராலிமாரையும் வெட்டி வந்து நட்டார்கள். கம்பிப் பந்தல் வந்தது பிறகு.

கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் புரியும். இரண்டு கையும் விரித்த ஏர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு நுனியிலும் ஒரே ஒரு முளை. அது முறிந்தால் அந்தக் கை வீண். அதனால் அப்பா கிழங்கைக் கூடையில் போடாமல் ஒவ்வொன்றாக அடுக்குவார். செம்மண், சரளை, தண்ணீர் நிற்காத இடம். தேங்கினால் அழுகிவிடும். அறுப்பு முடிந்து கொடி காய்ந்ததும் கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்கும். பழைய கிழங்கு சுருங்கி, புதுக் கிழங்கு அடுத்த ஆடிக்குக் காத்திருக்கும்.

காய் பிடிப்பது பெண்களின் கையில் இருக்கிறது. இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும். தன் மகரந்தம் தன் மேல் படுவது அரிது. காலை வெயில் ஏறுவதற்குள், மகரந்தப்பையைக் கிள்ளி, சூல்தண்டின் மூன்றாகப் பிரிந்த நுனியில் தொட்டு வைக்க வேண்டும். பூப்பூவாக, நாள்தோறும். அம்மாவோடு நானும் போனேன். பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் என் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனி வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது அவையும் அதே காலை நேரத்தில்தான் வந்து நின்றன. வாரச் சம்பளம் நிச்சயம். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காட்டில் வயசானவர்கள் மிஞ்சினார்கள்.

தாராபுரம் ஈரோட்டிலிருந்து திருப்பூர் மாவட்டத்துக்கு மாறிய அதே 2009-ல், அமெரிக்காவில் கோல்சிசின் மாத்திரைக்கு ஒரு நிறுவனம் தனியுரிமை பெற்றது. 10 சென்ட்டுக்கும் குறைவாக விற்ற மாத்திரை 5 டாலரை நெருங்கியது. எங்களுக்கோ வியாபாரி சொல்வதே விலை. ஒரு வருஷம், விதையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப்போனவர் தை கழிந்தும் வரவில்லை. இரண்டு மூட்டை விதை அடுத்த ஆடி வரை அட்டாலியில் கிடந்தது. காயை உடைத்து விதை உதிர்த்த கைக்கு ஒரு நியாய விலை நிர்ணயம் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

மேற்கு வேலியில் இன்னும் பழைய கொடி ஏறுகிறது. அம்மா அங்கே மகரந்தம் தொட்டு வைப்பதில்லை. தானாகப் பிடித்த ஒன்றிரண்டு காயையும் பறிப்பதில்லை. வேலியிலேயே வெடித்துச் சிவந்த விதை கீழே விழட்டும் என்று விட்டுவிடுகிறார்.