யார் மீது புகார்? தளம் கட்டும் அறிபுனை விளையாட்டுகளில் ஆடுபவர் கருத்து

2013 அக்டோபரில், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கணினி விளையாட்டுகள் முடிவுறாத நிலையிலேயே மக்களிடம் பணம் கேட்டு வந்தன. ஒன்று ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9. சான் பிரான்சிஸ்கோவின் டபுள் ஃபைன் நிறுவனம் அதை ஸ்டீம் இணையக் கடையின் ‘எர்லி ஆக்சஸ்’ பிரிவில் விற்பனைக்கு வைத்தது. மற்றொன்று ரிம்வேர்ல்டு. அதற்காக அதை உருவாக்கிய டைனன் சில்வெஸ்டர், கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 20,000 கனடிய டாலர் கேட்டார். இரண்டரை லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. இரண்டுக்கும் மூதாதை ஒன்றே: ஆடம்ஸ் சகோதரர்கள் 2006 முதல் வெளியிட்டுவரும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். இரண்டிலும் ஆடுபவர் பெரும்பாலும் யாரையும் கைப்பிடித்து நடத்துவதில்லை. அறை கட்டுகிறார், வேலை பிரிக்கிறார், உணவுக்கும் மூச்சுக்கும் வழி செய்கிறார். குடிமக்கள் தம் போக்கில் வாழ்கிறார்கள், சாகிறார்கள்.

ஓராண்டு கழிந்தபோது ஸ்பேஸ்பேஸ் ‘ஏமாற்றுவேலை’ என்ற வசையைச் சுமந்தது. ரிம்வேர்ல்டோ இன்றளவும் இவ்வகையின் முன்மாதிரி என்று போற்றப்படுகிறது. ஒன்று நன்றாக இருந்தது, மற்றது இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. இக்கட்டுரை அந்த விளக்கம் போதாது என்று வாதிடுகிறது. இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவர் கருத்தை விளக்க, அது பாராட்டா கண்டனமா என்பதைவிட அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதே பயனுள்ள கேள்வி. விளையாட்டின் விதிகள் ஒரு தோல்வியின் பொறுப்பைச் சுமக்க வல்லவையாக இருந்தால் கருத்து விதிகளோடு மல்லுக்கட்டுகிறது. அவை சுமக்க முடியாதபோது விதிகளைத் தாண்டிச் சென்று தயாரிப்பாளரின் சட்டையைப் பிடிக்கிறது.

பதிவேட்டின் இயல்பு

முதலில் சான்றுகளைப் பற்றி. இன்று ‘ஆடுபவர் கருத்து’ என்று ஆய்வாளர்கள் எடுத்தாள்வது பெரும்பாலும் ஸ்டீம் கடையின் விமர்சனங்களைத்தான். இந்த வசதி 2013 நவம்பரில் தொடங்கியது. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றை ஆடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும், நடுவழி கிடையாது. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அவர் ஆடிய மணிக்கணக்கு பக்கத்திலேயே தெரியும். முழு வெளியீட்டுக்கு முன் எழுதியவற்றுக்குத் தனி அடையாளம் உண்டு. 2016 முதல் மொத்த மதிப்பீட்டோடு அண்மைக்கால மதிப்பீடும் தனியே காட்டப்படுகிறது.

இந்த அமைப்பில் இரண்டு விளையாட்டுகளின் பதிவேடும் ஒத்த நிலையில் தொடங்கவில்லை. ஸ்பேஸ்பேஸ் பச்சிளம் நிலையில் ஸ்டீமுக்கு வந்தது. அதன் குறைகள் ஒவ்வொன்றும் அங்கேயே பதிவாயின. ரிம்வேர்ல்டு தன் சொந்த இணையதளம் வழியாகவே ஏறத்தாழ மூன்றாண்டுகள் விற்கப்பட்டு, 2016 ஜூலையில்தான் ஸ்டீமுக்கு வந்தது. அதன் தத்தித் தடுமாறிய காலம் ஸ்டீம் பதிவேட்டில் இல்லவே இல்லை. ஆகவே இரண்டின் சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரம் பிரிப்பவர், ஒருவரின் மழலையையும் மற்றவரின் வாலிபத்தையும் ஒப்பிடுகிறார். எண்களை விட்டு, கருத்துகள் சொல்லும் காரணங்களைப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஸ்பேஸ்பேஸ்: திட்டமே சரக்கானபோது

ஸ்பேஸ்பேஸின் பிறப்பிலேயே ஆடுபவர் கருத்து கலந்திருந்தது. 2012இல் டபுள் ஃபைன் நடத்திய ‘அம்னீஷியா ஃபோர்ட்நைட்’ நிகழ்வில், எந்தெந்த யோசனைகளை முன்மாதிரியாக உருவாக்கலாம் என்று பணம் செலுத்திய பொதுமக்கள் வாக்களித்தார்கள். விளையாட்டு என்ற ஒன்று உருவாகும் முன்பே அதைப் பற்றிய கருத்து உருவாகிவிட்டது. அடுத்து, சிறு தயாரிப்பாளர்களுக்கு நிதி தரும் இண்டி ஃபண்டும் கூட்டாளிகளும் 4,00,000 டாலர் முதலீடு செய்தனர். விற்பனை தொடங்கிய இரண்டே வாரத்தில் அந்த முதல் திரும்பி வந்தது. இனி என்னென்ன சேர்க்க நினைக்கிறோம் என்ற நீண்ட திட்டப் பட்டியலையும் நிறுவனம் பொதுவில் வைத்தது.

அப்போது விளையாட்டில் இருந்தது இதுதான். விண்கற்களை வெட்டி மூலப்பொருள் சேர்த்து அறைகள் கட்டலாம். காற்று தரும் அறை, அணுஉலை அறை, குடியிருப்பு, மதுக்கூடம், தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் குறிக்கலாம். சுவர் உடைந்தால் காற்று வெளியேறி உள்ளிருப்பவர் மூச்சுத்திணறிச் சாவார். குடிமக்கள் ‘ஸ்பேஸ்ஃபேஸ்’ என்ற கற்பனைச் சமூக ஊடகத்தில் தம் நாளைப் பற்றிப் பதிவு போடுவார்கள். யாரோ ஒரு தொழிலாளி தன் அலுப்பையும் பசியையும் நட்பையும் அங்கே எழுதிவைத்திருப்பதைப் படிக்கும்போது, இந்த நிலையத்துக்குள் ஒரு சமூகம் முளைக்கப்போகிறது என்ற நம்பிக்கை பிறக்கும். அந்தச் சமூகம் முளைக்கவில்லை. சில மணி நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதும், குடிமக்கள் கொடுத்த வேலையைச் செய்யாமல் நின்றுவிடுகிறார்கள் என்பதும் திரும்பத் திரும்ப எழுந்த குறைகள்.

ஆனால் 2014 செப்டம்பர் வரை இந்தக் குறைகளின் தொனி பொறுமையானது: ‘இப்போதைக்கு இவ்வளவுதான், வரும்.’ அம்மாதம் நிறுவனம், அடுத்து வருவது முழு வெளியீடான 1.0 பதிப்பு, அதோடு தன் பணி முடிகிறது, நிரலை ஆடுபவர்களிடமே ஒப்படைக்கிறோம் என்று அறிவித்தது. விற்பனை வரவு உருவாக்கச் செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று நிறுவனத் தலைவர் டிம் ஷேஃபர் விளக்கினார். அக்டோபர் இறுதியில் 1.0 வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அறிவிப்பு வந்த நாளில் விளையாட்டின் ஒரு வரி நிரல்கூட மோசமாகவில்லை. முந்தைய நாள் ‘நல்ல தொடக்கம்’ என்று பாராட்டப்பட்ட அதே அறைகளும் அதே குடிமக்களும் மறுநாள் ‘ஏமாற்று’க்குச் சான்றாகிவிட்டன. மாறியது எதிர்காலம் மட்டுமே. ஆகவே அதுவரை ஆடுபவர்கள் மதிப்பிட்டுவந்தது கையிலிருந்த பண்டத்தை மட்டுமன்று. பட்டியலில் இருந்ததையும் சேர்த்தே. கட்டி முடியாத அடுக்குமாடியில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர் செங்கல்லை மட்டும் பார்ப்பதில்லை, வரைபடத்தையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

வகையின் பங்கு

இந்த எதிர்பார்ப்பு எல்லா வகை விளையாட்டுகளிலும் இதே அளவில் எழாது. தளம் கட்டும் விளையாட்டு தன்னை ஆடுபவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது: இன்று காலியாக விடும் இடம் நாளைக்கு என்ற பழக்கம். தாழ்வாரத்தை அகலமாகப் போடுவது, மின்கம்பிக்கு வழி விட்டுச் சுவர் எழுப்புவது எல்லாம் வராத ஒன்றுக்கான ஏற்பாடுகள். இப்படிப் பழகிய கண், முடிவுறாத விளையாட்டையும் அதே போலப் பார்க்கிறது. இல்லாத அம்சம் அதற்குக் குறையாகத் தெரிவதில்லை, ஒதுக்கிவைத்த மனையாகத் தெரிகிறது. மனை பறிபோனது என்று தெரியும்போதுதான் கோபம் வருகிறது.

நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிவிட்டுப் ‘பரிந்துரைக்கவில்லை’ என்று எழுதுவோரைக் கேலி செய்வது வழக்கம். இவ்வகையைப் பொறுத்தவரை அதில் முரண் இல்லை. நீண்ட நேரம் ஆடியவரே அதிக மனைகளை ஒதுக்கிவைத்தவர். இழப்பும் அவருக்கே அதிகம்.

ரிம்வேர்ல்டு: பழியை ஏற்க ஒரு பாத்திரம்

ரிம்வேர்ல்டும் நெடுங்காலம் முடிவுறாமல்தான் இருந்தது. 1.0 பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. அதன் குடியேற்றங்களும் அநியாயமாக அழிகின்றன: கொள்ளையர் சுடுகிறார்கள், நோய் பரவுகிறது, பயிர் அழுகுகிறது. ஆனாலும் ஆடுபவர் கோபம் சில்வெஸ்டர் மீது பாய்வது அரிது. காரணம், விளையாட்டுக்குள்ளேயே அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது.

ஆட்டம் தொடங்கும்போதே ‘கதைசொல்லி’ ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கசாண்ட்ரா படிப்படியாக நெருக்கடியை ஏற்றுவாள். ஃபீபி மூச்சுவிட இடைவெளி தருவாள். ராண்டி முறையே இல்லாமல் எதை வேண்டுமானாலும் அனுப்புவான். அறுவடைக்கு முந்தைய நாள் தீ விழுந்தால், ஆடுபவர் ‘ராண்டி பழிவாங்கிவிட்டான்’ என்று எழுதுகிறார். நிரலின் சீரற்ற எண்ணுக்கு ஒரு பெயரும் படமும் கொடுத்ததால், வடிவமைப்பின் மீது எழ வேண்டிய புகார் ஒரு கதாபாத்திரத்தின் மீதான புகாராகி, அங்கிருந்து கதையாகிவிடுகிறது. தன் விளையாட்டைக் கதை பிறப்பிக்கும் கருவி என்று சில்வெஸ்டர் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதில் தெளிவாகத் தெரிகிறது.

ராண்டியைக் கடந்து செல்லும் கண்டனங்களும் உண்டு. அவையும் விதிகளோடுதான் வாதிடுகின்றன. கொள்ளைக் கூட்டத்தின் பலம் குடியேற்றத்தின் சொத்து மதிப்பையும் சார்ந்து கூடுகிறது. எனவே தேர்ந்த ஆடுபவர்கள் வேண்டுமென்றே ஏழையாக இருக்கிறார்கள். தங்கத்தையும் சிற்பங்களையும் சேர்க்காமல் ஒதுக்குகிறார்கள். செழிப்பைத் தண்டிக்கும் விதி கட்டும் ஆசையையே கெடுக்கிறது என்பது நெடுநாள் விவாதம். சொத்தைக் கணக்கில் எடுக்காமல் காலத்தை மட்டும் வைத்து நெருக்கடியை ஏற்றும் தெரிவு பின்னாளில் அமைப்புகளில் சேர்ந்தது. நினைத்த இடத்தை எய்திய கருத்துக்கு இது எடுத்துக்காட்டு.

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்: கணக்காகும் கருத்து

விதிகள் மேலும் உறுதியாக இருந்தால் கருத்து எவ்வளவு உள்ளே போகும் என்பதற்கு வான்கூவரின் க்ளே நிறுவனம் உருவாக்கி, 2017இல் முன்விற்பனைக்கும் 2019 ஜூலையில் முழு வெளியீட்டுக்கும் கொண்டுவந்த ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் சான்று. விண்கல் ஒன்றின் வயிற்றில் சிக்கியவர்களை மூச்சுவிட வைப்பதே அதன் முதல் வேலை. நீரைப் பிரிக்கும் கருவி நொடிக்கு 1,000 கிராம் நீரை எடுத்து 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தருகிறது. ஓர் ஆளுக்கு நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும்; ஆக எட்டுப் பேருக்குப் போதும். கருவிக்கு 120 வாட் மின்சாரம், வாயுக்களை உறிஞ்சும் மூன்று பம்புகளுக்குத் தலா 240 வாட், மொத்தம் 840. ஹைட்ரஜன் மின்னாக்கி 100 கிராமுக்கு 800 வாட் என்ற விகிதத்தில், 112 கிராம் 896 வாட்டுக்கு ஈடாகிறது. கழிவாக வரும் வாயுவே முழு அமைப்பையும் ஓட்டிவிட்டு மீதியும் தருகிறது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து அதற்கு ஏற்ற அறையை வடிவமைத்து, ‘எஸ்பிஓஎம்’ (தன் மின்சாரத்தைத் தானே தரும் ஆக்சிஜன் அமைப்பு) என்று பெயரும் வைத்தவர்கள் ஆடுபவர்களே. அடுத்த சிக்கலும் அதே வடிவமைப்பில் தொக்கி நிற்கிறது: வெளிவரும் வாயு குறைந்தது 70 டிகிரி சூடானது, குளிர்விக்காமல் விட்டால் பயிர் வாடிவிடும். இங்கே ‘கடினம்’ என்ற புகார்கூட எத்தனை வாட், எத்தனை டிகிரி என்ற மொழியில் வருகிறது. அறை அழுத்தம் 1,800 கிராமைத் தாண்டினால் நிற்க வேண்டிய கருவியை நீரில் மூழ்கவைத்து நிற்காமல் ஓட்டும் உத்தி பற்றிச் சூடான சர்ச்சை உண்டு. அது கள்ளத்தனமா, கெட்டிக்காரத்தனமா? இரு தரப்பும் க்ளேவை அழைக்காமல் தமக்குள்ளேயே வழக்காடுகின்றன. விதிகள் உறுதியாக இருப்பதால்தான் அவற்றை மீறுவதைப் பற்றிய அறம் என்ற ஒன்று பேசப்படுகிறது.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு சட்டப்படியானது. உள்ளது உள்ளபடி வாங்குகிறீர்கள் என்று எர்லி ஆக்சஸ் அறிவிப்பே எச்சரிக்கிறது. படித்துவிட்டு வாங்கியவர் புகார் சொல்ல உரிமையற்றவர் என்பார்கள். ஆனால் எச்சரிக்கை கடையினுடையது, திட்டப் பட்டியல் தயாரிப்பாளருடையது; இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்குபவர் கண்முன் நிற்கும்போது ஒன்று மட்டும் செல்லும் என்பது பொருந்தாது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே 2014 நவம்பரில் தன் வழிகாட்டுதல்களைக் கூர்மைப்படுத்தியது: வருங்காலம் பற்றிக் குறிப்பான வாக்குறுதி தராதீர்கள், விற்பனையே இல்லாவிட்டாலும் முடிக்க வழியில்லை என்றால் இந்த முறையில் விற்காதீர்கள். ஆடுபவர்களின் புகாரில் நியாயமே இல்லை என்றால் இந்தத் திருத்தத்துக்கும் தேவை இருந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. எழுதுபவர்கள் சிறுபான்மை, பேசாமல் ஆடிவிட்டுப் போனவர்களின் அனுபவம் இதில் இல்லை. உண்மைதான். எத்தனை பேர் கோபப்பட்டார்கள் என்று நிறுவ இந்தப் பதிவேடு உதவாது. கோபம் எந்தக் காரணத்தைத் தனக்கு நியாயமாகக் கருதியது என்பதை நிறுவ உதவும். இக்கட்டுரையின் வாதம் இந்த இரண்டாவதை மட்டுமே நம்பி நிற்கிறது.

கருத்தின் திசை தயாரிப்பாளரை நோக்கித் திரும்பிவிட்டால் அதற்கு ஒரு விலையும் உண்டு. நிரல் வெளியிடப்பட்ட பின் ஸ்பேஸ்பேஸில் ஆர்வலர்கள் பிழைகளைத் திருத்தி மேம்பாட்டுப் பதிப்புகள் தந்தார்கள். வழக்கு ஏற்கெனவே நிறுவனத்தின் மீது நடந்துகொண்டிருந்ததால் அந்த உழைப்பு அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. ஆடுபவர் கருத்து நேர்மையாக இருந்தும் தன் கண்முன் உள்ள பொருளைக் காணாமல் போகலாம் என்பதை ஆய்வாளர் மறக்கக் கூடாது.

முடிவு

இதிலிருந்து ஆய்வுமுறைக்கு ஒரு கோரிக்கை எழுகிறது. சுவடிப் பதிப்பாசிரியர் எந்த ஏட்டிலிருந்து பாடம் எடுத்தார் என்று குறிப்பதுபோல, ஆடுபவர் கருத்தை மேற்கோள் காட்டுபவர் அது எந்தப் பதிப்பை ஆடியவர், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஆடிய பின் எழுதியது என்று குறித்தாக வேண்டும். 2014 ஆகஸ்டின் ஸ்பேஸ்பேஸ் விமர்சனமும் அக்டோபரின் விமர்சனமும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல. ஒன்று வரவிருந்த நிலையத்தையும் சேர்த்துப் பேசுகிறது, மற்றொன்று இருந்ததை மட்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும் சதவீதம் இவற்றில் எதைப் பற்றியும் நமக்குச் சொல்வதில்லை.