பாலையும் அதன் வாசிப்பும்

அன்பின் ஐந்திணையை வகுத்த தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கே நிலங் கூறினார். பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தாரேயன்றி நிலம் வகுத்தாரல்லர். இவ்வெற்றிடத்தைப் பின்வந்தோர் விளங்கிக்கொண்ட முறையை நோக்கின், தமிழ்க் கவிதையில் இயற்கை வாசிக்கப்பட்ட வரலாறு ஓரளவு புலனாகும்.

செய்யுளில் முதல், கரு, உரி என்பன ஒன்றினொன்று சிறந்து வருமென்பது தொல்காப்பியர் கருத்து. உரிப்பொருளே தலையாயது என்னும் இந்நோக்கு நெடுங்காலம் வாசிப்பை ஆண்டது. நிலம் காதலுக்குத் திரைச்சீலையாயிற்று. பாலையென்றாற் பிரிவு, அவ்வளவே.

சிலப்பதிகாரம் இங்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்து பாலையென்னும் வடிவங் கொள்ளுமெனக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கூறுகிறான். பாலை தனியொரு நிலமன்று. நிலம் எய்தும் ஒரு நிலை. இலக்கண நூலாரன்றி வழிநடந்து வந்தவனொருவனே இதனைச் சொல்வது கருதத்தக்கது.

தற்கால ஆய்வில் ஈழத்தறிஞர் இருவரின் பங்கு பெரிது. தனிநாயகம் அடிகளின் ஆங்கில நூல் (1966) சங்கப் பாடல்களின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளோடு ஒப்பிட்டது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் திணைகளுக்குப் பின்னாலிருந்த உற்பத்தி வேறுபாடுகளையும் சமனற்ற வளர்ச்சியையும் எடுத்துக்காட்டினார். முன்னவர் நிலத்தின் அழகையும் பின்னவர் அதிலுழைத்த மனிதரையும் காணச் செய்தனர். நிலத்தின் வறட்சியும் பிறவுயிர்களின் பசியும் இருவர் ஆய்விலும் நடுவிடம் பெறவில்லை எனலாம்.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடலொன்று (37) இதற்குத் தக்க சான்று. பொருள்தேடிப் போன தலைவன் செல்லும் வழியில், பிடியின் பசி தீர்க்க ஆண்யானை யாமரத்தைப் பிளக்கிறது. அதனைக் காணும் தலைவன் தலைவியை நினைந்து மீள்வான் என்பது தோழியின் ஆறுதல். உரைகாரரும் இதனையே விளக்குவர். ஆனால் புல்லும் தழையும் அருகிய கோடையிலேதான் யானை மரப்பட்டையைப் பெரிதும் நாடும். பிடியின் பசி வெறுங் குறியீடன்று. மழை பொய்த்த காட்டின் செய்தி. தலைவனைப் பொருள்தேடிச் சுரங்கடக்க வைத்த வறுமையும் அவ்வேனிலுக்கு அயலானதன்று. அப்பசியை மெய்யென்று கொள்ளாவிடின், யானையின் அன்புக்கும் தோழியின் ஆறுதலுக்கும் அங்கு கனமேது?