பள்ளி என்றால் படுக்கை

சேர்வராயன் மலையில், வெள்ளக்கடைப் பக்கம் காப்பிப் பழம் சிவக்கும் கார்த்திகை மாதம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் பகலெல்லாம் பழம் பறித்துவிட்டு, இடுப்புச் சாக்கை அவிழ்த்துத் தோளில் போட்டபடி வந்த ஒரு அக்காவிடம், “எழுத்தறிவு மையத்துக்குப் போறீங்களாக்கா?” என்று கேட்டேன். “எனக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்? அது புள்ளைங்களுக்கு” என்றார். நான் மையம் என்றேன், அவர் பள்ளிக்கூடம் என்றார். அவர் வாயில் வந்ததுதான் சரியான சொல். ஆனால் அது பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று அவர் நம்புகிறாரே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அன்றிலிருந்து ‘பள்ளி’ என்ற பெயர் வந்த வழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி என்றால் முதலில் படுக்கை. கோயிலில் சாமி உறங்கப் போகும் அறை பள்ளியறை. விடியலில் அவரை எழுப்பப் பாடுவது பள்ளியெழுச்சி. வேலூர்ப் பக்கம் பெருமாள் படுத்திருக்கும் ஊருக்குப் பெயரே பள்ளிகொண்டா. இறந்த மன்னனுக்குச் சோழர்கள் எழுப்பிய கோயில் பள்ளிப்படை. திருக்குறளின் 840-ஆம் குறளிலும் பள்ளி படுக்கைதான்: சான்றோர் கூடிய அவையில் பேதை நுழைவது, கழுவாத காலைப் படுக்கையில் வைப்பதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். படுக்கையையும் கற்றவர் கூட்டத்தையும் ஒரே குறளுக்குள் அவர் அருகருகே வைத்திருப்பது, இந்தச் சொல்லின் பின்கதை தெரிந்தவர்களுக்குத் தனியாகத் தித்திக்கும்.

படுக்கை எப்படிப் பாடசாலை ஆனது? விடை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இருக்கிறது. மாங்குளம் குகைகளில் சமணத் துறவியருக்காகப் பாறையை மழித்து வெட்டிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. 1882-இல் ராபர்ட் சீவெல் அங்கே கண்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லுகின்றன. கி.மு. 2-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அந்தக் கல்வெட்டுகளில் துறவிக்குச் செய்து கொடுத்த அந்த இடத்தைக் குறிக்கும் சொல் பள்ளிதான். பழைய எழுத்தில் ‘பளிஇய்’. கல்லில் படுத்தவரைத் தேடி ஊரார் போனார்கள். அறம் கேட்டார்கள், ஐயம் கேட்டார்கள். துறவி படுத்த இடம் துறவி வாழும் இடமாகி, பிறகு அவர் கற்பிக்கும் இடமாயிற்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் பாறையிலும் அப்படிப்பட்ட கற்படுக்கைகள் உண்டு. ஊர்ப்பெயரின் கடைசிப் பகுதி அந்தக் கல்லிலிருந்து எழுந்ததுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பள்ளிகளுக்குப் போனவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். அவர்கள் பிள்ளைகள் அல்லர். கழுகுமலைப் பாறையில் சிற்பங்களுக்கு அடியில் வெட்டியிருக்கும் பெயர்களில் குரத்தியர் இருக்கிறார்கள். குரவர் என்பதன் பெண்பால், ஆசிரியை. அவர்களுடைய மாணாக்கர் பெயர்களும் அங்கே இருக்கின்றன. வந்தவாசியை அடுத்த விடாலில் கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் ஊரார் பொறுப்பேற்றுக் காத்ததை ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு பதிந்திருக்கிறது. துறவு பூண்ட, வயது வந்த பெண்கள் கற்ற இடம் அது.

சொல் அதன்பின் பல மதங்களின் வாசலில் நின்றது. முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல். மலையாளத்தில் கிறித்தவர்களின் கோயிலும் பள்ளி. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹள்ளி’ என்று சிற்றூருக்குப் பெயராயிற்று. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பகுதியின் மாரண்டஹள்ளி பெயர்ப்பலகையில் அதைப் பார்க்கலாம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர்களின் வழிபாட்டுக்கூடத்தையும் அந்த ஊர் மக்கள் ‘ஜூதப்பள்ளி’ என்றே அழைத்தார்கள். யூதர் நம் மண்ணுக்கு அதற்கும் முன்பே வந்தவர்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளோடு அளித்த செப்பேடு, கி.பி. 1000-ஐ ஒட்டி, வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிவைத்துத் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள்.

யூதர்கள் தங்கள் மொழியில் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு வியப்பு மிகுந்தது. எபிரேயத்தில் ‘பேத் மித்ராஷ்’: தேடும் வீடு, ஆராயும் வீடு. மித்ராஷுக்கும் அரபு மொழியின் மதரசாவுக்கும் வேர் உறவு உண்டு. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலோ வழிபாட்டுக்கூடத்துக்குப் பெயர் ‘ஷூல்’, அதாவது பள்ளி. வழிபடும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஷூலைப் பின்தொடர்ந்தால் ஜெர்மன், லத்தீன் வழியே கிரேக்கத்தின் ‘ஸ்கோலே’யில் போய் நிற்போம். நாம் அன்றாடம் சொல்லும் ஸ்கூலுக்கும் அதுவே தாய். ஸ்கோலே என்றால் ஓய்வு. அங்கே ஓய்வு, இங்கே படுக்கை. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், உடம்பு இளைப்பாறும் இடத்திலிருந்தே அறிவுக்கு வீடு கட்டியிருக்கின்றன.

அந்த ஓய்வை யூதர்கள் நாட்காட்டியிலேயே குறித்துவைத்தார்கள். பாபிலோனில் சூரா, பும்பெதித்தா என்ற ஊர்களில் இருந்த கல்விக்கழகங்களுக்கு, ஆண்டில் இரண்டு மாதம், உழவரும் வணிகரும் வேலையை விட்டுவிட்டு வந்து கூடிப் படித்தார்கள். வயல் வேலை குறைந்திருக்கும் எலூல், அதார் மாதங்கள் அவை. எலூல் நம் ஆவணியை ஒட்டி வரும்; அதார் மாசியை ஒட்டி வரும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் ‘கல்லா’. நம் காதுக்குக் கல்லாதவர் என்று ஒலிக்கிறது. சொல் உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்டதும் மனம் நெகிழ்ந்தேன்.

அந்த வழி இன்னும் அறுபடவில்லை. 1920-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யூத மெய்யியலாளர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் பெரியவர்களுக்கென்று தொடங்கிய கல்விநிலையத்துக்கு வைத்த பெயர் ‘லேர்ஹவுஸ்’, பேத் மித்ராஷின் நேர் ஜெர்மன். பாஸ்டனில் 1921-இல் தொடங்கிய ஹீப்ரூ கல்லூரி, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காக நடத்திய படிப்புக்கு ‘மேஆ’ என்று பெயரிட்டது. எபிரேயத்தில் நூறு, நூறு மணி நேரப் படிப்பு. அறுபது வயதுக்காரர் அங்கே தயங்காமல் போய் உட்காருகிறார். அவருக்குப் பின்னால் அந்த நீண்ட பழக்கம் இருக்கிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? திண்ணைப் பள்ளிக்கூடங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லி 1822-இல் ஆளுநர் மன்றோ உத்தரவிட்டார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. அதற்குள் பள்ளி சிறுவர்களின் இடமாகக் குறுகிவிட்டிருந்தது. பெரியவர்களுக்குக் கற்பிக்க அரசு முன்வந்தபோது புதுப்பெயர்கள் தேவைப்பட்டன. முதியோர் கல்வி என்றார்கள். 1978 அக்டோபர் 2-இல் நாடு முழுதும் தொடங்கிய திட்டம் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கானது. இருபது வயதுப் பெண்ணை முதியோர் என்றால் எப்படி வருவாள்? வயது வந்தோர் கல்வி என்று மாற்றினார்கள். வளர்கல்வி என்றும் ஒரு பெயர் வந்தது. 1991-இல் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு வீதிக்கு வந்த இயக்கத்துக்கு அறிவொளி என்று பெயர். இருந்தவற்றில் ஒளியுள்ள பெயர் அதுதான், மக்கள் அதைத் தங்களதாக்கிக்கொண்டார்கள். 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் அது மையம். பெரும்பாலும் பள்ளிக் கட்டடத்திலேயே நடக்கிறது, பெயர் மட்டும் மையம்.

மையம் என்ற சொல்லில் எந்தப் பாயும் விரிந்திருக்கவில்லை. அதனால்தான் எனக்கு ‘இரவுப் பள்ளி’ என்ற பழைய பெயர்மேல் அத்தனை ஆசை. வேலை முடிந்து, சோறு வடித்து, பாயை விரிக்கும் நேரத்தில் கூடும் பள்ளி அது. சொல்லின் இரண்டு பொருளும் அங்கே மறுபடி ஒன்றாகின்றன. சேர்வராயன் மலையில் 1917 முதல் மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. உண்ணவும் உறங்கவும் படிக்கவும் ஒரே இடம். மாங்குளத்துத் துறவி பார்த்தால் பள்ளி என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அதே பெயரைக் கொடுத்தால் என்ன?

மறுமுறை போனபோது அந்த அக்காவிடம் இந்தக் கதையில் பாதியைச் சொன்னேன். பள்ளி என்றால் படுக்கை என்றதும் சிரித்தார். பெரியவர்கள் படித்த இடம் என்றதும் சிரிப்பு நின்றது. சற்று நேரம் மலைச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“பழம் எடுப்பு முடியட்டும்ங்க. மாசிக்கு வர்றேன்.”