பீப்பாயும் பங்கும்

திமிங்கில வேட்டையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்திருப்பது ஒரு நாவல் வழியாகத்தான். மெல்விலின் 'மோபி டிக்' (1851) படித்தவர்கள் வெள்ளைத் திமிங்கிலத்தையும் ஒற்றைக்கால் காப்டனையும் நினைவில் வைத்திருப்பார்கள். கப்பல் கரையில் நின்றபடி சாமான் ஏற்றிக்கொள்ளும் ஆரம்பப் பக்கங்களை அவசரமாகப் புரட்டியிருப்பார்கள். வேட்டையின் சரித்திரம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கு எவ்வளவு, நஷ்டம் யார் தலையில் என்பதெல்லாம் நங்கூரம் எடுக்குமுன்பே தீர்மானமாகிவிட்ட விஷயங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்குத் தலைமைத் துறைமுகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்ட். எண்ணெய்க்காகப் பசிபிக் போகும் கப்பல் திரும்ப மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். சுமார் முப்பது பேர் அத்தனை காலம் பிழைத்திருக்க வேண்டிய யாவும் ஏற வேண்டும்: உப்பிலிட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கல்லாய் இறுகிய பிஸ்கோத்து, மாவு, கரும்புப் பாகு, காப்பி. கூடவே உதிரிப் பாய்கள், கயிறு, எறியீட்டிகள், வேட்டைப் படகுகள், மேல்தளத்தில் கொழுப்புக் காய்ச்சும் அடுப்புக்குச் செங்கல். எல்லாவற்றிலும் முக்கியம் பீப்பாய். போகும்போது தண்ணீரும் உணவும் சுமந்த பீப்பாயே வரும்போது எண்ணெய் சுமந்து வரவேண்டும். மேற்கொண்டு தேவைப்படும் பீப்பாய்கள் பிரித்த பலகைகளாக ஏறும். எண்ணெய் சேரச் சேரப் பீப்பாய்த் தச்சன் கப்பலிலேயே அவற்றைப் பூட்டுவான். மாலுமிகள் தின்று தீர்த்த இடத்தில் முதலாளியின் சரக்கு வந்து உட்காரும்.

மனிதர்களையும் ஏறக்குறைய இப்படித்தான் ஏற்றினார்கள். மாலுமிக்குச் சம்பளம் கிடையாது, வரும்படியில் பங்கு. காப்டனுக்குப் பன்னிரண்டில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்றிருக்கும். கடலையே காணாத புதியவனுக்கு இருநூறில் ஒன்று வாக்கில். 1841 ஜனவரியில் 'அக்குஷ்னெட்' கப்பலில் புறப்பட்ட மெல்விலுக்கு 175இல் ஒன்று, முன்பணம் 84 டாலர். நாவலில், முதலாளிகளுள் ஒருவர் பைபிளிலிருந்து தலையை எடுக்காமலே இஷ்மயேலுக்கு 777இல் ஒன்று என்கிறார். பேரம் முடிந்து 300இல் ஒன்றாகிறது. எண் பெருகப் பெருகப் பங்கு சிறுத்துப்போகும் இந்த விந்தை வெறும் நகைச்சுவையன்று. முன்பணம் வட்டியோடு பேரேட்டில் ஏறும். நடுக்கடலில் சட்டை கிழிந்தால் கப்பலின் துணிப்பெட்டியிலிருந்துதான் வாங்கவேண்டும். கரை விலைக்குக் கிடைக்காது. அதுவும் பங்கில் கழியும். எண்ணெய் கிடைக்காத பயணத்தின் நஷ்டத்தில் கடைசி மாலுமிக்கும் பங்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடனோடு இறங்கியவர்கள் இருந்தார்கள். மெல்வில் பதினெட்டு மாதத்திலேயே மார்க்கேசாஸ் தீவொன்றில் கப்பலை விட்டு ஓடிப்போனார்.

ஏறவே விடப்படாதவர்களும் உண்டு. 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி நியூ பெட்ஃபோர்ட் வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் கலப்பற்று வேலை தெரிந்தவர்: பலகை இடுக்குகளில் கயிற்றுச் சிம்பைத் திணித்துக் கீல் பூசி, நீர் புகாமல் அடைக்கும் வேலை. வேட்டைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு கப்பலில் அவ்வேலை இருந்தது. கப்பலை ஆயத்தம் செய்தவர் அடிமைமுறையை எதிர்த்தவர். வேலை தரவும் சம்மதித்தார். ஆனால் இந்தக் கறுப்பர் தம் தொழிலில் ஓர் அடி அடித்தாலும் வெள்ளைத் தொழிலாளிகள் அத்தனை பேரும் இறங்கிப் போய்விடுவார்கள் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். தொழில் செய்திருந்தால் நாளைக்கு இரண்டு டாலர் கிடைத்திருக்கும். டக்ளஸ் ஒரு டாலர் கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்தார். இதே ஊரில் லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்புக் கொல்லர், தைத்தபின் முனை குறுக்கே திரும்பிச் சதையில் மாட்டிக்கொள்ளும் எறியீட்டியை 1848இல் செய்தார். வேட்டைத் தொழிலையே மாற்றிய அந்த ஈட்டிக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. எல்லாக் கொல்லர்களும் அடித்து விற்றார்கள்.

செலவு என்றே எழுத வேண்டாத சரக்கும் இருந்தது. காலபகாஸ் தீவுகளின் பேராமைகள் தீனியும் நீருமின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். புதிய இறைச்சி தானாகவே கெடாமல் கிடக்கும். மாலுமிகள் அவற்றைச் சுமந்து வந்து கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினார்கள். 79 கப்பல்களின் நாட்குறிப்புகளை மட்டும் பார்த்து, 1831 முதல் 1868 வரை 13,013 ஆமைகள் என்று டௌன்சென்ட் என்ற விலங்கியலாளர் 1925இல் கணக்கிட்டார். ஃபுளோரியானா தீவின் இனம் அந்த நூற்றாண்டின் நடுவிலேயே தீவிலிருந்து மறைந்துவிட்டது.

1859இல் பென்சில்வேனியாவில் மண்ணெண்ணெய்க்கு வழி திறந்தது. 1861இல், உள்நாட்டுப் போரில், பழைய வேட்டைக் கப்பல்கள் பலவற்றை அரசாங்கம் விலைக்கு வாங்கிற்று. பீப்பாய் இருந்த இடத்தில் கல்லை நிரப்பி, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் மூழ்கடித்தார்கள். தமக்கு வேலை மறுக்கப்பட்ட அந்தக் கப்பலும் அவற்றில் ஒன்றா என்று டக்ளஸ் நினைத்துப் பார்த்திருக்கக்கூடும்.

1841இல் கட்டிய 'சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்' கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக்கில் இன்று காட்சிப்பொருளாக நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் எறியீட்டியைத்தான் தேடுவார்கள். பலகை இடுக்குகளையும் சற்று நேரம் பார்க்கலாம்.