மண் பார்த்து எழுந்த கட்டடம்

மரக்காணத்து உப்பளத்தில் வரப்புக் கட்டிய சதுரத்துக்குப் பாத்தி என்றே பெயர். கத்தரிக்கும் கீரைக்கும் உள்ள அதே பெயர்தான். உப்புநீரைப் பாய்ச்சுமுன் தரையை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். மண் இளகியிருந்தால் உப்பில் சேறு கலந்துவிடும். முதலில் மண், அப்புறந்தான் மற்றதெல்லாம். எங்கள் கரையில் கூலிக்காரனுக்கும் தெரிந்த இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள ஒரு சர்க்காருக்கு நாற்பது வருஷம் பிடித்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய செந்நிறக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

கதை சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் தொடங்குகிறது. 1860களில் கவர்னராக இருந்த டெனிசன் துரை, நம் குடியானவர்களுக்கு நவீன விவசாயம் காட்ட எண்ணி, சீமையிலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகளை வரவழைத்தார். பண்ணை ஒன்றும் ஏற்பட்டது. பல்கலைக்கழகம் இன்று தன் வயதை எண்ணுவது 1868ஆம் ஆண்டில் அங்கே எழுந்த பள்ளியிலிருந்துதான். நோக்கம் நல்லதே. ஆனால் ஓர் ஏரும் இரண்டு மாடுமாய் வாழ்கிறவனுக்கு நீராவிக் கலப்பையால் என்ன பயன்? சைதாப்பேட்டையின் மணற்பாங்கான நிலமும் மாகாணம் முழுவதற்கும் மாதிரியாகாது. 1876 முதல் 1878 வரை வந்த பஞ்சத்தில் இந்த மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். விவசாய ஆராய்ச்சி துரைமார்களின் பொழுதுபோக்கல்ல, உயிர்ப் பிரச்சினை என்று அது உணர்த்தியது.

கரிசலும் செம்மண்ணும், நன்செயும் தோட்டக்காலும் அருகருகே கிடைக்கும் கோவைக்குக் கல்லூரி இடம் பெயர்ந்தது. 1906இல் கவர்னர் ஆர்தர் லாலி அடிக்கல் நாட்டினார். 1909இல் அவரே திறந்துவைத்தார்.

கோவையில் 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே இனிப்புக் கரும்போடு, ஆடுமாடு மேயும் பேய்க்கரும்பைச் சேர்த்தார்கள். கோ 205 பிறந்தது. 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போயிற்று. சீமைக் கலப்பையால் ஆகாததை ஓடைக்கரைப் புல் ஒன்று செய்துகாட்டியது!

1971இல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. திருச்சிக்கு அருகே அது 1989இல் தொடங்கிய இன்னொரு கல்லூரி நிற்பதோ களர் நிலத்தில். களரைத் தாங்கும் நெல் ரகங்கள் அங்கேதான் உருவாயின. கெட்ட மண் என்று ஒதுக்காமல் அதையே பாடப் புத்தகமாக்கிக்கொண்டார்கள். வயலில் உப்பேறிப்போன கடற்கரைக் குடியானவனுக்கு, அந்தச் செந்நிறக் கட்டடத்தின் அழகைவிட இந்தச் செய்திதான் பெரிது.