மரத்தாலான பந்தய டிங்கிகள்: கட்டுமானமும் பழுதுபார்ப்பும்

டிங்கி என்பது ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறிய பாய்ப்படகு. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனின் பந்தய டிங்கிகள் மரத்தாலேயே கட்டப்பட்டன. அவற்றைக் கட்டும் முறை அந்தக் காலத்துக்குள் பலமுறை மாறியது. அந்த மாற்றங்களுக்குப் பின்னால் புதிய பசைகள் இருந்தன. எனவே பழைய டிங்கி ஒன்றின் உடைந்த பாகத்தைச் சரிசெய்ய முனைபவர், அது எந்த முறையில் கட்டப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரு முறையில் கட்டிய படகைக் காப்பாற்றும் வேலை, வேறு முறையில் கட்டிய படகைக் கெடுத்துவிடும்.

பழுது ஏற்படும் இடங்கள்

பந்தய டிங்கி வேகத்துக்காக மெல்லியதாகக் கட்டப்படுகிறது. 3.66 மீட்டர் நீளமுள்ள 'ஃபயர்ஃபிளை' வகைப் படகின் உடல் எடை ஏறத்தாழ 74 கிலோதான். அந்த மெல்லிய உடல் பெரும் விசைகளைத் தாங்குகிறது. காற்று பாயைத் தள்ளும்போது பாய்மரம் படகின் அடியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. பாய்மரத்தை நிறுத்திவைக்கும் கம்பிகள் பக்கப் பலகைகளை மேல்நோக்கி இழுக்கின்றன. படகு பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் நடுப்பலகை, தான் செருகப்பட்டிருக்கும் பெட்டியை நெம்புகோல்போல் இருபுறமும் அசைக்கிறது. ஆகவே பாய்மரத்தின் அடிக்கட்டை, கம்பிகள் பூட்டப்பட்ட இடம், நடுப்பலகைப் பெட்டி ஏராவுடன் சேரும் மூட்டு ஆகிய மூன்றுமே முதலில் தளர்கின்றன. ஏரா என்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டை.

வேகம் கூடியபோது இந்தச் சுமையும் கூடியது. 1928இல் ஊஃபா ஃபாக்ஸ் (1898–1972) வடிவமைத்த 'அவெஞ்சர்' என்ற 14 அடி டிங்கி, நீரைக் கிழித்துச் செல்வதோடு நில்லாமல் நீரின்மேல் வழுக்கியும் ஓடியது. அது கலந்துகொண்ட 57 பந்தயங்களில் 52இல் முதலிடம் பெற்றது. அதன்பின் வழுக்கி ஓடும் உடலே பந்தய டிங்கியின் இலக்கணம் ஆயிற்று.

மற்றொரு பகை மழைநீர். கடலின் உப்பு நீரைவிட, மூடிய அறைகளில் தேங்கும் நன்னீரே மரத்தை விரைவில் மக்கச் செய்கிறது. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். ஓடாமல் கிடந்த படகு பந்தயத்தில் அடிபட்ட படகைவிட மோசமான நிலையில் இருப்பதற்கு இதுவே காரணம்.

செப்பாணிக் காலம்

1936இல் தொடங்கிய 'நேஷனல் 12' முதலிய வகைகளின் தொடக்ககாலப் படகுகள் 'கிளிங்கர்' முறையில் கட்டப்பட்டன. இதில் ஓடு வேய்வதுபோல் ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின்மேல் படியும். செப்பாணியை அடித்து, உள்ளே செப்பு வளையம் இட்டு, நுனியைத் தட்டி மடக்குவார்கள். உட்புறம் நீராவியில் வேகவைத்து வளைத்த மெல்லிய வங்குகள், அதாவது விலா எலும்பு போன்ற சட்டங்கள், பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும். மூட்டுகளில் பசை இல்லை. நீரில் பலகைகள் ஊறி உப்பி, இடைவெளியைத் தாமே அடைத்துக்கொள்ளும்.

இவ்வகைப் படகில் வங்குகள் வளைவு மிகுந்த இடத்தில் ஒடியும். ஒடிந்த வங்கின் அருகிலேயே புதிய வங்கு ஒன்றை வளைத்துப் பொருத்துவது மரபான தீர்வு. எல்லா வங்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. கழற்றினால் படகின் வடிவமே மாறிவிடும்; பழைய வடிவம் திரும்பாது.

விமானத் தொழிலிலிருந்து வந்த பசை

முன்பு மரவேலையில் பெரிதும் பயன்பட்ட கேசீன் பசை பாலிலிருந்து எடுக்கப்பட்டது. ஈரத்தில் நாளடைவில் வலுவிழக்கும். 1937இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் நடத்திய நிறுவனம் 'ஏரோலைட்' என்ற யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையை உருவாக்கியது. போர்க்காலத்தில் 'மஸ்கிட்டோ' மர விமானத்தின் கட்டுமானத்தில் அது பயன்பட்டது.

போர் முடிந்ததும் விமானத் தொழிலின் நுட்பம் படகுத் துறைக்கு வந்தது. ஃபேரி விமான நிறுவனத்தைச் சேர்ந்த ஃபேரி மரைன், 1946 முதல் ஃபாக்ஸ் வடிவமைத்த ஃபயர்ஃபிளையைக் கட்டியது. மெல்லிய வெனீர் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓர் அச்சின்மேல் பசையுடன் அடுக்கப்பட்டு, பெரிய அழுத்தக் கலனில் வெப்பத்தால் இறுக்கப்பட்டன. 1948 ஒலிம்பிக்கில் ஒருவர் செலுத்தும் போட்டிக்கு இப்படகே தேர்வானது. அதில் டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் தங்கம் வென்றார்.

இதன் உடல் முழுவதும் ஒரே ஓடு. ஓட்டை விழுந்தால் பலகையை மாற்ற முடியாது. சேதமான பகுதியைச் சுற்றி ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதைவிடச் சற்று அகலமாகப் படிப்படியாக வெட்டி, அதே கோணத்தில் புதிய வெனீரை அடுக்கி ஒட்ட வேண்டும். அடுக்குகள் பிரிந்த இடத்தைத் தட்டிப் பார்த்து அறியலாம். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

ஒட்டுப்பலகைப் படகுகள்

1950களில் நீர் தாங்கும் ஒட்டுப்பலகை பரவியது. ஜாக் ஹோல்ட் 1956இல் 'என்டர்பிரைஸ்' படகை வடிவமைத்தார். பின்னர் பேரி பக்னெலுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'மிரர்' 1963இல் அறிமுகமானது. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்டினால் படகு ஆயிற்று. கைத்தொழில் அறியாதவர்களும் வீட்டிலேயே கட்டினர். 70,000க்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டன.

ஒட்டுப்பலகையில் மக்கிய பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, விளிம்பைச் சாய்வாக இழைத்து, அதே சாய்வுள்ள புதிய துண்டை ஒட்டுவர். சாய்வின் நீளம் பலகைத் தடிமனைப்போல் குறைந்தது 8 மடங்கு இருக்க வேண்டும், 5 மி.மீ. பலகைக்கு 40 மி.மீ. இந்த அகலமே விசையைப் பரப்பித் தாங்குகிறது. விளிம்புக்கு விளிம்பு நேராக ஒட்டிய துண்டு முதல் பலத்த காற்றிலேயே விட்டுவிடும்.

எப்பாக்சியும் அதன் எல்லையும்

1970களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கௌஜன் சகோதரர்கள் எப்பாக்சிப் பிசினைப் படகு கட்டுவோரிடையே பரப்பினர். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் அரால்டைட் பசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய பசைகளுக்கு மூட்டு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இறுக்கியும் பிடிக்க வேண்டும். எப்பாக்சி சிறு இடைவெளிகளையும் நிரப்பிப் பற்றிக்கொள்ளும். அதனால் கைவிட வேண்டியிருந்த பல ஃபயர்ஃபிளைகளும் மிரர்களும் மீண்டும் பந்தயத்துக்கு வர முடிந்தது.

ஆனால் எப்பாக்சி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கசியும் கிளிங்கர் படகின் வெளிப்புறம் முழுவதும் கண்ணாடியிழை போர்த்துவது பலர் செய்த தவறு. ஊறும்போது உப்பவும் காயும்போது சுருங்கவும் வேண்டிய பலகைகளை அந்தப் போர்வை கட்டிவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரத்தில் மரம் மக்குகிறது. சில ஆண்டுகளில் போர்வை உரிந்து வரும்போது, காப்பாற்ற மரம் மிஞ்சியிருக்காது. எப்படகாயினும் மரத்தை முழுமையாக உலரவிடாமல் ஒட்டும் வேலை நிலைக்காது.

எடையும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒவ்வொரு பந்தய வகைக்கும் குறைந்தபட்ச எடையும் வடிவ அளவுகளும் விதியாக உண்டு. தேவைக்கு மேல் தடித்த மரமும் பிசினும் சேர்த்தால் படகு உறுதியாகலாம், பந்தயத்தில் பின்தங்கிவிடும்.

இன்றைய நிலை

1960களுக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, மர டிங்கிகள் குறைந்தன. எஞ்சியவற்றைப் பிரிட்டனில் பழம் பந்தய டிங்கி ஆர்வலர் சங்கம் போன்ற அமைப்புகள் பந்தயங்களில் ஓடவைத்து வருகின்றன. கட்டியவர்கள் பலர் மறைந்துவிட்ட நிலையில், எந்தக் காலத்தில் எந்தப் பசையால் எப்படிக் கட்டினார்கள் என்பதை அப்படகுகளே காட்டுகின்றன. தவறாகப் பழுதுபார்த்தால் படகோடு அந்தச் சான்றும் அழிந்துவிடும்.