இரவற் பானமும் சொந்தப் பானமும்

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் தீபாவளியன்று விருந்தினர்க்கு வழங்கப்பெற்ற ஆரஞ்சுப் பானம், லயத்துச் சிறார்க்கு அரிதிற் கிட்டிய அமுதமாகும். 'எஃப் அண்டு என்' என மக்கள் வழங்கிய பிரேசர் அண்டு நீவ் நிறுவனத்தின் பெயர் அவ்வாறே தோட்டப்புறங்களில் வேரூன்றியது.

சிங்கப்பூரில் அச்சகம் நடத்திய ஜான் பிரேசர், டேவிட் நீவ் ஆகிய இருவரும் 1883ஆம் ஆண்டில் சோடாத் தொழிலில் இறங்கினர். 1936இல் அந்நிறுவனம் அமெரிக்காவின் கொக்கோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையைப் பெற்றது. வணிகம் பெருகிற்று. ஆயினும் அப்பானத்தின் பெயரும் கலவையும் பிறர் உடைமையே. இரவற் பொருள் என்றேனும் உரியவரிடம் திரும்புவதன்றோ?

நிறுவனம் இரவலோடு நின்றுவிடவில்லை. 1983இல் தன் நூற்றாண்டு நிறைவை நினைவுகூர்ந்து '100 பிளஸ்' என்னும் சொந்தப் பானத்தை வெளியிட்டது. வியர்வையால் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வது எனப் பெயர்பெற்ற அப்பானம், விளையாட்டுத் திடல்களிலும் ஈப்போ நகர உணவுக் கடைகளிலும் நிலையான இடம்பெற்றது. 2011இல் கொக்கோ கோலாவுடன் கொண்ட 75 ஆண்டு உறவு முடிவுற்றது. அப்போது நிறுவனம் ஊன்றி நிற்கச் சொந்தப் பானம் இருந்தது.

பிறர் நிலத்தில் பால்மரம் சீவி, தோட்டம் கைமாறிய நாளில் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. தமக்கென ஒன்றைத் தேடிக்கொள்ளாதார் வாழ்வு ஒப்பந்தம் உள்ளவரையே. இதனை மாணவர்க்கு உணர்த்த அவர்கள் நாள்தோறும் காணும் இப்புட்டியே போதும்.